சாவி இல்லாத வண்டி

டிசம்பர் 3, புதன்

டாக்டர் எழுதச் சொன்னார், எழுதுகிறேன். தினமும் அரைப் பக்கம், கையால், என்ன வேண்டுமானாலும் எழுதலாமாம். இந்த நோய் வந்தவர்களுக்குக் கையெழுத்து போகப் போகச் சிறுத்துக்கொண்டே வருமாம். நோட்டைப் பார்த்தால் அவருக்கு நிலவரம் தெரிந்துவிடுமாம். என் கையெழுத்தைக் கோழி கிளறியது என்று சொன்ன தமிழ் டீச்சர் இதைக் கேட்டால் சிரிப்பார். அந்தக் கோழி இப்போது திரும்பக் குஞ்சாகப் போகிறது.

நோயின் பெயரை ஒரு தடவை எழுதிவிடுகிறேன். பார்க்கின்சன். தமிழில் நடுக்குவாதம். இரண்டு வருஷமாக என் வலது கையிலும் வலது காலிலும் குடியிருக்கிறது. வாடகையும் கிடையாது, காலி செய்கிற உத்தேசமும் கிடையாது. இனி இந்த நோட்டில் அதன் பெயரை எழுத மாட்டேன். அதற்கு இந்த மரியாதை போதும்.

என் பெயர் அம்சவேணி. வயது நாற்பத்தொன்பது. சிங்காநல்லூரில் நானும் என் வீட்டுக்காரர் தனபாலும் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறோம். நேரில் அவரை ‘ஏனுங்க’ என்றுதான் கூப்பிடுவேன். நோட்டில் தனபால் என்றே எழுதுவேன். கல்யாணத்துக்கு முன்னால் பந்தயத்தில் அப்படித்தான் பேர் சொல்லிக் கூப்பிட்டேன், அதுவும் முந்திப் போகும்போது.

அரைப் பக்கம் தாண்டிவிட்டது. நாளைய கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

டிசம்பர் 7, ஞாயிறு

காலையில் காபி கொட்டிவிட்டது. டம்ளர் சரியில்லை. விளிம்பு வழுக்குகிறது.

மத்தியானம் பெஞ்சமின் அண்ணன் போன் செய்தார். அந்தக் காலத்தில் கோயமுத்தூரைச் சுற்றி எங்கே மோட்டோகிராஸ் பந்தயம் நடந்தாலும் மைக் அவர் கையில்தான் இருக்கும். அறுபத்தெட்டு வயதாகிறது, குரல் மட்டும் இன்னும் லவுட்ஸ்பீக்கர். கள்ளப்பாளையத்துக் காட்டில் நம்முடைய பழைய டிராக்கை மறுபடி வெட்டிச் சீர் செய்திருக்கிறார்களாம். பொங்கல் முடிந்து வருகிற ஞாயிறு, ஜனவரி பதினெட்டு, பந்தயம். நாற்பது வயது தாண்டியவர்களுக்கு, பழைய வண்டிகளுக்கு மட்டும் தனியாக ஒன்று வைக்கிறார்களாம்.

பார்க்கறதுக்காவது ரெண்டு பேரும் வந்துருங்க என்றார். கண்டிப்பாகப் பார்க்க வருகிறோம் என்று தனபால் சொன்னார். பார்க்க என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொன்ன மாதிரி இருந்தது.

டிசம்பர் 8, திங்கள்

பார்க்கத்தான் போகிறோம்.

டிசம்பர் 12, வெள்ளி

கடையில் வியாபாரம் மந்தம். உட்கார்ந்து பழசை யோசித்துக்கொண்டிருந்தேன்.

தொண்ணூற்று நாலில் முதல் பந்தயம். மோட்டோகிராஸ் என்றால் தார் ரோட்டுப் பந்தயம் இல்லை. மண் காட்டை வெட்டி, மேடும் பள்ளமும் சேறும் வளைவுமாகப் பாதை போட்டு, அதில் வண்டியை விட்டுப் பறக்க வைப்பது. எனக்குப் பதினெட்டு வயது. கூடப்பிறந்த அண்ணனுடைய ஆர்.எக்ஸ். நூறு வண்டியில் லைட், மட்கார்டு எல்லாம் கழற்றிவிட்டு, பல் வைத்த டயர் மாட்டிக்கொண்டு போய் நின்றேன். பெண்களுக்குத் தனிப் பிரிவு இல்லை, உடை மாற்ற இடமும் இல்லை என்றார்கள். நான் உடை மாற்றிக்கொண்டுதான் வந்திருக்கிறேன், பிரிவும் எனக்குத் தனியாக வேண்டாம் என்றேன்.

அறுபத்து மூன்றாம் நம்பர் கொடுத்தார்கள். ஹெல்மெட்டுக்குள் ஆள் யார் என்று பெஞ்சமின் அண்ணனுக்குத் தெரியவில்லை. பந்தயம் முழுக்க மைக்கில், ‘அந்த அறுபத்து மூணு தம்பி அடிச்சு நொறுக்குது பாருங்க’ என்று கத்தினார். மூன்றாவதாக வந்து ஹெல்மெட்டைக் கழற்றினேன். சடை கீழே விழுந்தது. அப்புறமும் அவர் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிட்டார். எனக்கும் அது பிடித்திருந்தது.

அந்த வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. என்ஜின் ஆயிலில் விளக்கெண்ணெய் கலந்து எரிகிற வாசனை, தண்ணி லாரி நனைத்துவிட்டுப் போன செம்மண் வாசனை, பனைமரத்தடியில் மோர் விற்கிறவர் அரிந்து போட்ட பச்சைமிளகாய் வாசனை. தூசி என்ஜினுக்குள் போகாமல் இருக்க ஏர் ஃபில்டருக்கு நைலான் காலுறை மாட்டுவோம். பல் இடுக்கில் நறநறவென்று இருக்கிற மண்ணோடு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வேன். அடுத்த ஞாயிறு மறுபடி போவேன்.

வண்டி கழுவும்போது சைலன்ஸருக்குள் தண்ணீர் போகாமல் ஓட்டையில் துணி அடைப்போம். அந்தத் துணியை எடுக்க மறந்தால் வண்டி கிளம்பாது. புகை வெளியே போனால்தானே. அப்படி மறக்கிறவனுக்கு எங்கள் கூட்டத்தில் ஒரு தண்டனை உண்டு. பரிசளிப்பு முடிகிறவரை அந்த அழுக்குத் துணியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு எல்லோர் முன்னாலும் நிற்க வேண்டும். நான் இரண்டு தடவை கட்டியிருக்கிறேன். கட்டாத ஒரே ஆள் தனபால்தான். அவர் எதையும் மறக்கிற ஜாதி இல்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் தார்ப்பாய் போட்டு மூடிய என் ஆர்.எக்ஸ். நிற்கிறது. எலி கடித்திருக்குமோ என்று பார்க்கத்தான் பிரித்தேன். கடிக்கவில்லை. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தேன், அது சும்மா. புது பிளக் போட்டேன், அது கடையில் இருந்தது. உதைத்தேன். பத்து உதை வாங்கிக்கொண்டு பதினொன்றில் இருமி எழுந்தது.

சத்தம் கேட்டுத் தனபால் பல் தேய்த்துக்கொண்டிருந்த வாயோடு வந்து நின்றார். பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

டிசம்பர் 19, வெள்ளி

டாக்டரிடம் போனோம். மாத்திரை அளவைக் கூட்டியிருக்கிறார். எழுத்து பரவாயில்லை என்றார். வண்டி ஓட்டலாமா என்று கேட்டேன். ஓட்டலாம் என்றார்.

திரும்பி வரும்போது தனபால் காரில் ஆரம்பித்தார். டாக்டர் ஸ்கூட்டரைத்தான் சொன்னாராம், பக்கத்துத் தெரு வரைக்கும்தானாம், மெதுவாகவாம், மாத்திரை வேலை செய்கிற நேரத்தில் மட்டுமாம். நான் கேட்ட கேள்விக்குப் பதில் முதல் வார்த்தையிலேயே முடிந்துவிட்டது. அதற்கு மேல் அவராகப் பேசியது.

டிசம்பர் 21, ஞாயிறு

நிலைப்படியில் கால் ஒட்டிக்கொள்கிறது. அடுப்பங்கரையிலிருந்து கூடத்துக்கு வரும்போது வலது கால் அப்படியே நின்றுவிடுகிறது. மிதியடிதான் காரணம் என்று எடுத்துப் போட்டேன். மிதியடி இல்லாமலும் நின்றது.

இன்றைக்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். பந்தயம் தொடங்கும்போது எல்லா வண்டிக்கும் முன்னால் ஓர் இரும்புக் கம்பித் தடுப்பு நிற்கும். அதைக் கேட் என்போம். அது டமார் என்று விழுந்ததும் பாய வேண்டும். நிலைப்படியில் கால் நின்றதும் கண்ணை மூடி அந்தக் கேட் விழுகிற சத்தத்தை மனசுக்குள் கேட்டேன். கால் பாய்ந்துவிட்டது. கையில் இருந்த ரசம் கொஞ்சம் சிந்தியது. பரவாயில்லை.

டிசம்பர் 28, ஞாயிறு

மூடிக் கிடக்கிற மில்லுக்குப் பின்னால் காலி இடம் இருக்கிறது. தனபால் சந்தைக்குப் போன நேரத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். என்ஜின் சூட்டில் எப்படி ஓடுகிறது என்று பார்க்க வேண்டாமா.

ஒன்றை மட்டும் உள்ளபடி எழுதுகிறேன். சோற்றைப் பிசையும்போது ஆடுகிற கை ஆக்ஸிலரேட்டரைப் பிடித்ததும் ஆடவில்லை. வாசலைத் தாண்ட யோசிக்கிற கால் பிரேக்கில் ஒழுங்காக உட்கார்ந்தது. மேடு ஒன்றில் ஏறி இறங்கினேன். நான் சிரித்தது எனக்கே ஹெல்மெட்டுக்குள் கேட்டது.

அப்புறம் மணலில் விழுந்தேன். முட்டியில் சிராய்ப்பு. தனபால் கேட்டால் கடை ஸ்டூல் இடித்தது என்று சொல்வதாக இருந்தேன். கேட்டார், சொன்னேன். எழுந்து போய் ஸ்டூலைப் பார்த்துவிட்டு வந்தார்.

ஜனவரி 2, வெள்ளி

சண்டை.

டயர் இடுக்கில் செம்மண்ணைப் பார்த்துவிட்டார். மில்லுக்குப் பின்னால்தான் இந்த மண் என்று கண்டுபிடிக்க அவருக்கு ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை. பெஞ்சமின் அண்ணனுக்குப் போன் போட்டு, பேர் கொடுத்திருக்கிறாளா என்று கேட்டார். கொடுத்திருக்கிறாள் என்று அவர் சொல்லிவிட்டார். ஆமாம், கொடுத்திருக்கிறேன். போன மாதம் எட்டாம் தேதியே கொடுத்துவிட்டேன். அன்றைக்கு எழுதிய வரியை இப்போது அடித்துவிட்டேன்.

தனபால் கத்துகிற ஆள் இல்லை. தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னார்.

“உளுந்தா எந்திரிக்கிற வயசா உனக்கு? எந்திரிக்கிற உடம்பா? இந்த வண்டிக்கு ஒளிச்சு வெக்கக்கூடச் சாவி இல்லாமப் போச்சு.”

உண்மைதான். பந்தய வண்டிக்குச் சாவி கிடையாது. ஒயரைச் சேர்த்துவிட்டிருக்கும், உதைத்தால் கிளம்பிவிடும். எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. அதில் அவருக்கு இன்னும் கோபம்.

நானும் சொன்னேன். இந்தத் தைக்கு என் கை ஆக்ஸிலரேட்டரைப் பிடிக்கும். அடுத்த தைக்குப் பிடிக்குமா என்று டாக்டருக்கும் தெரியாது, மருதமலை முருகனுக்கும் தெரியாது. அது என் கையைவிட்டுப் போகிறதென்றால் போகட்டும். ஆனால் நானாக எடுத்துக் கொடுக்க மாட்டேன். வீட்டில் உட்கார்ந்தால் மட்டும் விழ மாட்டேனா? போன வாரம் பாத்ரூமில் விழுந்தேனே என்றேன். அது அவருக்குத் தெரியாது. சொல்லியிருக்கக் கூடாது.

சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார்.

இந்த நோட்டை டாக்டரிடம் காட்ட முடியாது போலிருக்கிறது. அவருக்கு வேறொரு நோட்டுப் போட வேண்டும்.

ஜனவரி 4, ஞாயிறு

தனபால் பயப்படுவதற்குக் காரணம் உண்டு. அதையும் எழுதிவிடுவதுதான் நியாயம்.

தொண்ணூற்றெட்டு. இதே கள்ளப்பாளையம். டிராக்கின் நடுவில் உயரமாக ஒரு மேடு இருக்கும், மேல்பக்கம் மேஜை மாதிரி தட்டை. ஏறுகிற வேகத்தில் பறந்து அந்தப் பக்கச் சரிவில் போய் இறங்க வேண்டும். அன்றைக்கு நான் முதலில் போய்க்கொண்டிருந்தேன், தனபால் எனக்குப் பின்னால். பறந்தது நன்றாகத்தான் இருந்தது, இறங்கினதுதான் சரியில்லை. சரிவில் விழுந்து நினைவில்லாமல் கிடந்தேன். பின்னால் மேடு ஏறி வருகிறவர்களுக்கு அந்தப் பக்கம் கீழே ஆள் கிடப்பது தெரியாது. ஒவ்வொரு வண்டியும் என் மேலேதான் வந்து இறங்கியிருக்கும்.

எனக்குப் பின்னால் பறந்து வந்த தனபால் எப்படியோ திருப்பி இறங்கினார். நேராகப் போயிருந்தால் அந்த வருஷக் கோப்பை அவருக்குத்தான். அவர் திரும்பி மேட்டின் மேல் ஏறி, தன் வண்டியைப் பாதைக்குக் குறுக்கே படுக்கவைத்து, அதன் மேல் நின்று இரண்டு கையையும் ஆட்டியிருக்கிறார். வந்தவர்கள் எல்லோரும் நின்றார்கள். நான் கண் முழித்தபோது அவர் முகம்தான் தெரிந்தது. எதற்கு நின்றாய், கோப்பை போச்சே என்றுதான் முதலில் கேட்டேனாம். எனக்கு ஞாபகம் இல்லை.

தோள்பட்டை எலும்பு கூடியதும் அவர் வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள்.

அன்றைக்கு நான் பயப்படவே இல்லை, பயந்தது முழுக்க அவர். இத்தனை வருஷமாக அதை அவரே சுமக்கிறார். இதை நான் அவரிடம் சொன்னதில்லை.

ஜனவரி 9, வெள்ளி

சென்னையிலிருந்து மதுமிதா போன். அப்பா சொல்லிவிட்டார் போலிருக்கிறது. என் பெண்ணுக்கு இருபத்து நாலு வயது, பேசுவது என் மாமியார் மாதிரி. உனக்கென்ன பைத்தியமா, யாருக்கு நிரூபிக்கப் போகிறாய் என்று கேட்டாள். நிரூபிக்க ஒன்றும் இல்லை, எனக்கு அது பிடிக்கும், அவ்வளவுதான் என்றேன். அப்புறம் முட்டிக்கு மாட்டுகிற கவசம் எந்த அளவு வேண்டும் என்று கேட்டாள்.

தனபால் வார்த்தைக்கு வார்த்தை கணக்குப் பார்த்துப் பேசுகிறார். சோறு, மாத்திரை, கடைச் சாவி. அவ்வளவுதான்.

ஜனவரி 14, புதன்

காப்புக் கட்டு. நாளைக்குப் பொங்கல். வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டித் தனபால் வீட்டு வாசலில் செருகினார், கடை ஷட்டரில் கட்டினார், காரில் கட்டினார்.

சாயங்காலம் ஷெட்டுக்குப் போனேன். ஆர்.எக்ஸ். ஹேண்டில்பாரிலும் ஒரு கொத்து கட்டியிருந்தது.

நான் கேட்கவில்லை. அவர் சரி என்று சொன்னதாக எடுத்துக்கொண்டேன். பாயசத்துக்கு முந்திரி கூடப் போட்டேன்.

ஜனவரி 17, சனி

ஏர் ஃபில்டருக்குக் காலுறை மாட்டியாயிற்று. ஹெல்மெட்டில் பாச்சை இருந்தது, தட்டியாயிற்று. மாத்திரையை எந்த நேரம் போட்டால் பந்தய நேரத்துக்குக் கை சொன்னபடி கேட்கும் என்று பார்த்து வைத்தாயிற்று. பந்தயம் பார்க்கச் சென்னையிலிருந்து வந்திருக்கிற மதுமிதா, பயமா என்று கேட்டாள். இல்லை.

மூன்று தடவை பாத்ரூம் போனது பொங்கல் பலகாரத்தால்.

ஜனவரி 18, ஞாயிறு

முடிந்தது. கை எழுதவிட மாட்டேன் என்கிறது. நாளைக்கு.

ஜனவரி 19, திங்கள்

மாத்திரை போட்டுக் கை கொஞ்சம் அடங்கியிருக்கிறது. எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

காலையில் கள்ளப்பாளையம் போய் இறங்கியதும் பெஞ்சமின் அண்ணன் மைக்கிலேயே வரவேற்றார். “நம்ம அறுபத்து மூணு தம்பி வந்தாச்சுங்க, எல்லாரும் பாதைய விடுங்க” என்றார். பழைய ஆட்கள் பத்துப் பேர் போல இருந்தோம். பாதிப் பேருக்குத் தொப்பை, பாதிப் பேருக்கு முடி இல்லை. பல் டாக்டர் குருமூர்த்தி அதே பச்சை வண்டியோடு வந்திருந்தார். யாருக்கு எந்த இடம் என்று சோடா மூடியில் நம்பர் எழுதிக் குலுக்குவது இன்னும் மாறவில்லை. எனக்கு ஓரத்து இடம் வந்தது.

பயிற்சி ஓட்டம் நன்றாகப் போனது. அந்த மேஜை மேட்டில் மட்டும் பறக்காமல் மெதுவாக ஏறி இறங்கினேன். பந்தயத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று விட்டேன். தண்ணி லாரிக்காரர் டிராக்கை அதிகமாக நனைத்துவிட்டதால் வண்டி முழுக்கச் சேறு. நீ போய் நிழலில் உட்காரு, நான் கழுவிக் கொண்டுவருகிறேன் என்று தனபால் சொன்னார். இரண்டு வாரத்தில் அதுதான் அவர் என்னிடம் பேசிய நீளமான பேச்சு. போய் உட்கார்ந்து மாத்திரை போட்டுக்கொண்டேன்.

என்ஜின் சூடாகாமல் இருக்க, வண்டியைக் கேட் வரைக்கும் தள்ளிக்கொண்டு போவதுதான் வழக்கம். தனபாலே தள்ளிக்கொண்டு வந்து, என் இடத்தில் நிறுத்தி, முட்டிக் கவசத்தை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, ஜனங்களை நிறுத்துகிற கயிற்றுக்கு அந்தப் பக்கம் போய் நின்றார்.

ஒரு நிமிஷம் என்று பலகை காட்டினார்கள். எல்லோரும் உதைத்துக் கிளப்பினார்கள். நானும் உதைத்தேன். கிளம்பவில்லை. மறுபடி உதைத்தேன். கிக்கர் கல் மாதிரி இருந்தது, கால் இறங்கவே இல்லை. காலையில் இரண்டாவது உதையில் கிளம்பிய வண்டி. பக்கத்தில் குருமூர்த்தி என்னைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். பலகையைத் திருப்பினார்கள், இனி சில நொடிதான் என்று அர்த்தம். கேட் டமார் என்று விழுந்தது.

எல்லோரும் போய்விட்டார்கள். அதற்குள் வெயிலில் காய்ந்துவிட்ட டிராக்கின் தூசி அடங்கியபோது அந்தக் கோட்டில் நான் மட்டும் நின்றேன். மறுபடி மறுபடி உதைத்தேன். ஒவ்வொரு உதைக்கும் காலில் இருந்த பலம் குறைந்துகொண்டே போனது. கயிற்றுக்குப் பின்னால் ஒரு பொம்பளை சொன்னது காதில் விழுந்தது. பாவம், முடியலை போல என்றாள்.

இந்த இரண்டு வருஷத்தில் அந்த வார்த்தைக்குத்தான் நான் பயந்தேன். விழுவதற்குப் பயப்படவில்லை. பாவம் என்று ஒருத்தி சொல்லிவிடுவாளே என்றுதான். நான் என் வலது காலைப் பார்த்தேன். நடுங்கிக்கொண்டிருந்தது. சரி, நீ ஜெயித்துவிட்டாய் என்று அதனிடம் சொன்னேன். உள்ளபடியே சொன்னேன். கண்ணாடிக்குள் அழுகை வந்துவிட்டது. ஹெல்மெட் மாட்டியிருக்கும்போது அழுதால் துடைக்க முடியாது.

தலையைத் தூக்கினபோது தனபால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் காலைப் பார்த்ததையும் பார்த்திருக்கிறார். பந்தயம் தொடங்கின பிறகு வெளியாள் கோட்டுக்கு வரக் கூடாது. கொடி பிடிக்கிறவர் கத்தினார். தனபால் கயிற்றைத் தூக்கிவிட்டு வேகமாக நடந்து வந்தார். எனக்கு முன்னால் வந்து நின்று, ஹெல்மெட் ஓரத்தைப் பிடித்து, என் முகத்தை நிமிர்த்தினார்.

“உன்ற காலுக்கு ஒண்ணுமில்ல வேணி. கோளாறு வண்டீலதான்.”

குனிந்து சைலன்ஸர் ஓட்டைக்குள் இரண்டு விரலை விட்டு இழுத்தார். கறுப்பாக, ஈரமாக, நீளமாக ஒரு துணி வந்தது. ஓட்டையின் விளிம்பு அவர் விரலைக் கிழித்திருக்க வேண்டும், உதறினார்.

“கழுவையில அடைச்சேன். எடுக்க மறந்துட்டேன்.”

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, கிக்கரைப் பார்த்தார். தானே உதைத்துக் கிளப்பித் தருவார் என்று நினைத்தேன். அவர் இரண்டடி பின்னால் தள்ளி நின்றார்.

“மிதி” என்றார்.

மிதித்தேன். இரண்டாவது மிதியில் அலறிக்கொண்டு எழுந்தது.

என்ன ஓட்டினேன், எப்படி ஓட்டினேன் என்று முழுதும் ஞாபகம் இல்லை. முதல் சுற்று முழுக்க முன்னால் யாருமே இல்லை, அவர்கள் விட்டுப்போன தூசி மட்டும்தான். அப்புறம் தூசிக்குள் ஒரு பச்சை வண்டி தெரிந்தது. குருமூர்த்தி எங்கேயோ விழுந்து எழுந்திருக்கிறார். பெஞ்சமின் அண்ணன் முதலில் வருகிறவனை விட்டுவிட்டு என்னைப் பற்றியே பேசினார் என்று மதுமிதா அப்புறம் சொன்னாள். எனக்கு என்ஜினைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. கை ஆடவில்லை. இதைப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும். கை ஆடவில்லை.

கடைசிச் சுற்றில் அந்த மேட்டுக்கு வந்தேன். மெதுவாகப் போனால் குருமூர்த்தியைப் பிடிக்க முடியாது. பறக்க வேண்டும் என்றால் அந்தப் பக்கச் சரிவில் என்ன இருக்கிறதென்று ஏறும்போது தெரியாது. ஆக்ஸிலரேட்டரை முழுக்கத் திருகினேன்.

மேலே இருந்தது ஒரு நொடி இருக்கும். கீழே பார்த்தேன். சரிவின் ஓரத்தில் தனபால் நின்றுகொண்டிருந்தார். கோட்டிலிருந்து காட்டைக் குறுக்கே கடந்து ஓடி வந்திருக்கிறார், ஐம்பத்து மூன்று வயதில். யாரிடமோ பிடுங்கிய மஞ்சள் அபாயக் கொடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். நான் விழுந்தால் குறுக்கே பாயத் தயாராக நின்றார். ஆட்ட வேண்டிய தேவை வரவில்லை. பின் சக்கரம் முதலில், முன் சக்கரம் அப்புறம், சொல்லி வைத்த மாதிரி இறங்கினேன். கீழ் வளைவில் குருமூர்த்தியின் உள்பக்கம் நுழைந்து முந்தினேன்.

கடைசிக்கு முந்தின இடம். கோப்பை இல்லை, மாலை இல்லை. வண்டியைவிட்டு இறங்கியதும் கால் நட்டுவைத்த மாதிரி நின்றுவிட்டது. கேட் சத்தத்தை நினைத்துக்கொண்டேன், நடந்தது.

பரிசளிப்பில் பெஞ்சமின் அண்ணன் விடவில்லை. துணி மறந்தது யார் என்று மைக்கில் கேட்டார். தனபால் கையைத் தூக்கினார். பழைய ஆட்கள் எல்லோரும் ஓ என்று கூச்சல் போட்டார்கள். முப்பது வருஷத்தில் மாட்டாதவன் மாட்டினான் என்று குருமூர்த்தி கைதட்டினார். தனபால் அந்தக் கரித் துணியை எடுத்துத் தானே கழுத்தில் கட்டிக்கொண்டார். சட்டைக் காலரெல்லாம் கறுப்பு. பரிசளிப்பு முடிகிறவரை தலையைக் குனிந்தபடி என் பக்கத்தில் நின்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் முகத்தைப் பார்த்து நான் சிரிக்கவில்லை.

துணியைப் பார்த்தேன். நாங்கள் வழக்கமாக அடைக்கிற துணிக்கு வெளியே ஒரு முழம் வால் விடுவோம், கண்ணில் படட்டும் என்று. இதில் கரி படாத இடமே இல்லை. வால் விடாமல், கண்ணில் படாத மாதிரி முழுதும் உள்ளே தள்ளி அடைத்திருக்கிறது.

தனபால் மறந்துவிட்டார். எல்லோருக்கும் ஒரு நாள் நடக்கிறதுதான். அப்படியே எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 20, செவ்வாய்

உடம்பு முழுக்க அடித்துப் போட்ட வலி. இது என் வலி, நானே சம்பாதித்தது. என் கையிலும் காலிலும் இருக்கிற அந்தக் குடித்தனக்காரனுடையது இல்லை.

அந்தத் துணியைச் சோப்புப் போட்டுத் துவைத்தேன். கரி போகவில்லை. கொடியில் காயப் போட்டேன். தனபால் ஷெட்டிலிருந்து வந்தவர் கொடிக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டார். அவர் வலது கையில் இரண்டு விரலிலும் கீறல். நான் போய் மருந்து எடுத்து வந்து பூசினேன். ஆடுகிற கையால் பூசியதில் மணிக்கட்டு வரைக்கும் ஈஷிக்கொண்டது. அவர் கையை இழுக்கவில்லை.

“வேணி.”

“சொல்லுங்க.”

அவர் கொடியில் தொங்கிய துணியைப் பார்த்தார். என்ன சொல்ல வருகிறார் என்று எனக்குத் தெரிந்தது. நான் மருந்து மூடியைத் திருகிக்கொண்டே இருந்தேன். மூடியில் மரை சரியாக உட்காரவில்லை. அவர் வாங்கி மூடினார்.

“அடுத்த தடவ வண்டிய நீயே கழுவிக்க” என்றார்.

சொல்லிவிட்டுக் கடையைத் திறக்கப் போய்விட்டார். அடுத்த தடவை என்று சொன்னது அவர்தான். நான் கேட்கவே இல்லை.